காட்டேரிப் பிரபுவும் வேலைக்காரப் பெண்ணும்

(படிப்பகத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேசப்போவது ஒரு பேய்ப் படத்தைப் பற்றி. சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கூலி, பஞ்சப்படி, போனஸ் என்று பேசுகிற மனிதர் காட்டேரிக் கதைக்கு வந்துவிட்டாரே என்று நினைப்பீர்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி ஷிப்டு முடித்து வந்த இரண்டு வாலிபர்கள் இதே படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன படம் என்று கேட்டேன். "பழைய இங்கிலீஷ் பேய்ப் படம், தோழர்" என்றார்கள். "பேயாவது, பிசாசாவது! வேறு வேலை இல்லையா?" என்று கடிந்துகொண்டேன். அதில் ஒருவர் சாந்தமாகச் சொன்னார்: "பாத்துட்டுத் திட்டுங்க தோழர்."

நியாயமான வார்த்தை. பார்த்தேன். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. முதல் தடவை காட்டேரியைப் பார்த்தேன். இரண்டாம் தடவை அதைக் கொன்ற டாக்டரைப் பார்த்தேன். மூன்றாம் தடவைதான் அந்தப் படத்தில் வேலை செய்கிற பெண்களைப் பார்த்தேன். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியதுதான்.

காட்டேரி எங்கே பிறந்தது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காட்டேரி என்று ஒன்று இல்லை. செத்தவன் எழுந்து வந்து இரத்தம் குடிப்பதில்லை. அப்படியானால் இந்தக் கதை எப்படி வந்தது?

1700-களின் முற்பகுதியில், இன்றைய செர்பியாவிலுள்ள மெட்வெஜா என்ற கிராமத்தில் ஜனங்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். நோய் என்னவென்று தெரியவில்லை. முன்பு செத்தவன் ஒருவன் காட்டேரியாகி வந்து கொல்கிறான் என்று ஊர் நம்பியது. புதைகுழிகளைத் தோண்டினார்கள். சில பிணங்கள் உப்பியிருந்தன. வாயோரம் இரத்தம் போல ஏதோ வடிந்திருந்தது. நகம் வளர்ந்தது போலத் தெரிந்தது. விசாரிக்க வந்த ஆஸ்திரிய ராணுவ வைத்தியர்கள் 1732-ல் அறிக்கை எழுதினார்கள். அது ஐரோப்பா முழுவதும் பரவியது.

பிணத்துக்குள் காற்று சேர்ந்தால் வயிறு உப்பும். அந்த அழுத்தத்தில் கருஞ்சிவப்பு நீர் வாய்வழியே வரும். தோல் சுருங்கினால் நகம் நீண்டது போலத் தோன்றும். இது இன்று யாருக்கும் தெரிகிற விஷயம். அன்று தெரியவில்லை. 1755-ல் ஆஸ்திரிய அரசி மரியா தெரசா, தன் அரண்மனை வைத்தியர் கெரார்டு வான் ஸ்வீட்டனிடம் இந்த விவகாரத்தை ஒப்படைத்தாள். இது மூடநம்பிக்கை, அறியாமையின் விளைவு என்று அவர் எழுதினார். பிணங்களைத் தோண்டுவதையும் எரிப்பதையும் அரசி தடை செய்தாள்.

பிணக்காட்டேரி இப்படிச் செத்தது. ஆனால் அந்தச் சொல் சாகவில்லை. வேறு வேலைக்குப் போயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதே நூற்றாண்டில் கேலியாக எழுதினார்: இரத்தம் உறிஞ்சுகிறவர்களை இடுகாட்டில் தேட வேண்டாம், பட்டப்பகலில் வியாபாரமும் தரகும் நடத்துகிறவர்களிடம் தேடுங்கள் என்பது அவர் கருத்து. நூறு வருஷம் கழித்து, 1867-ல், மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தை வெளியிட்டார். அதில் வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தில் காட்டேரி வருகிறது. யந்திரம், கட்டடம், பஞ்சுப் பொதி எல்லாம் முன்பு யாரோ உழைத்த உழைப்பு. அவை தாமாக லாபம் தராது. உயிருள்ள மனிதனின் உழைப்பு தினமும் அதில் இறங்க வேண்டும். இதைத்தான் அவர் காட்டேரியின் பசிக்கு ஒப்பிட்டார். ராத்திரி ஷிப்டைப் பற்றிப் பேசும்போதும் அதே உவமையைக் கையாண்டார். இராப்பகலாக ஆலையை ஓட்டினாலும் அந்தத் தாகம் கொஞ்சந்தான் தணியுமாம். ராத்திரி ஷிப்டு பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

அதற்கு முப்பது வருஷம் கழித்து, 1897-ல், 'டிராகுலா' நாவல் வந்தது. எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். லண்டனில் லைசியம் என்ற நாடகக் கொட்டகையின் நிர்வாகி. அவர் நம் கட்சிக்காரர் அல்ல. ஆனாலும் அவருடைய காட்டேரி குடிசையில் இல்லை. மலைமேல் கோட்டையில் இருக்கிறான். ஆண்டான், நிலத்துக்குச் சொந்தக்காரன், பிரபு.

சுத்தியல் கம்பெனி

அந்த நாவலைப் பல தடவை படமாக்கியிருக்கிறார்கள். நான் பார்த்தது 1958-ல் இங்கிலாந்தில் வந்த 'டிராகுலா'. எடுத்தது ஹாமர் என்ற கம்பெனி. ஹாமர் என்றால் சுத்தியல்! நம் கொடியிலுள்ள சுத்தியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் நாடக மேடையில் வைத்துக்கொண்ட பெயர் அது.

சின்னக் கம்பெனி. தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்ற இடத்தில் ஒரு பழைய பெரிய வீட்டையே ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார்கள். செலவு சுமார் 81 ஆயிரம் பவுன். சினிமாக் கணக்கில் இது சிக்கனம். கோட்டை செட்டை இடித்துத் தள்ளவில்லை. வேறு பூச்சு பூசி, உடனே அடுத்த படத்துக்கு உபயோகித்தார்கள். டைரக்டர் டெரன்ஸ் பிஷர். கதை வசனம் ஜிம்மி சாங்ஸ்டர். செட் போட்டவர் பெர்னார்டு ராபின்சன். குறைந்த காசில் தங்க மாளிகையைக் காட்டிய கெட்டிக்காரர் அவர். தச்சரும் பூச்சு வேலைக்காரரும் சேர்ந்து செய்த வேலை அது.

காட்டேரியாக நடித்தவர் கிறிஸ்டோபர் லீ. டாக்டர் வான் ஹெல்சிங்காக நடித்தவர் பீட்டர் குஷிங். லீக்குக் கிடைத்த சம்பளம் 750 பவுன் என்பார்கள். உலகமெல்லாம் ஓடிய படம். ஜனங்கள் பயந்தது அவர் முகத்தைப் பார்த்து! பத்து வருஷம் கழித்து, 1968-ல், வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்ததற்காக ஹாமர் கம்பெனிக்கு அரசியின் தொழில் விருது கொடுத்தார்கள். இரத்தத்தை ஏற்றுமதி செய்து விருது வாங்கிய கம்பெனி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

யார் சமைத்தது?

இனி கதைக்கு வருகிறேன். காலம் 1885 மே மாதம். ஜானத்தன் ஹார்க்கர் என்பவர், நூலகர் வேலைக்கு வந்தவர் போல டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறார். உண்மையில் காட்டேரியை ஒழிக்க வந்தவர். வண்டிக்காரர் கோட்டை வரை வர மறுக்கிறார். கடைசித் தூரத்தை அவர் நடந்தே போகிறார்.

உள்ளே போனால் ஆள் இல்லை. ஆனால் அடுப்பு எரிகிறது. மேஜையில் சாப்பாடு தயாராக இருக்கிறது. இந்த இடத்தில் சாதாரண ரசிகன் எங்கே காட்டேரி என்று பார்ப்பான். நமக்கு வேறு கேள்வி வர வேண்டும். யார் சமைத்தது? விறகு யார் வெட்டியது? இத்தனை அறைகளை யார் கூட்டியது? படம் சொல்லாது. வீட்டுக்காரி துக்கத்துக்குப் போயிருக்கிறாள் என்று பிரபு ஒரு வார்த்தையில் முடித்துவிடுவான். கோட்டை பளபளப்பாக இருக்கும். உழைத்த கை கண்ணில் படாது. கோட்டையின் முதல் மாயம் அதுதான்.

பிரபு வருகிறான். கோரைப் பல்லோடு வரவில்லை, தோழர்களே. உயரமான ஆள், நல்ல உடை, மரியாதையான பேச்சு. விருந்தாளியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறான்! இவ்வளவு நல்ல மனிதரா என்று தோன்றும். அன்று ராத்திரியே கண் சிவந்து, வாயில் இரத்தத்தோடு நிற்கிறான். ஆரம்பத்தில் ஹார்க்கரிடம் இனிமையாகப் பேசுகிறானே, அதோடு சரி. அப்புறம் படம் முடிகிறவரை அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காரியம் ஆகிறவரைதான் பேச்சு, அப்புறம் பல்.

ஹார்க்கர் பிழைக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் முதலில் பிரபுவை விட்டுவிட்டு அவனுக்கு அடிமைப்பட்ட பெண்ணின் நெஞ்சில் ஆப்பு அடிக்கிறார். அதற்குள் சூரியன் மறைகிறது, எஜமான் எழுந்துவிடுகிறான். எதிரியை விட்டுவிட்டு எதிரியிடம் சிக்கியவர்மேல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

ஊமையான ஊர்

அவரைத் தேடி டாக்டர் வான் ஹெல்சிங் மலையடிவாரத்து ஊருக்கு வருகிறார். அங்குள்ள சாப்பாட்டு விடுதியில் விசாரிக்கிறார். அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிவிடுகிறது. சுவரில் பூண்டுப் பூ தொங்குகிறது. ஊருக்கு எல்லாம் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். விடுதிக்காரரும் தெரியாது என்று சாதிக்கிறார்.

இந்தக் காட்சிதான் என்னை உலுக்கியது. பயம் கோட்டைக்குள் இருப்பதாக நினைக்கிறோம். இல்லை, பயம் ஊருக்குள் இருக்கிறது. பிரபு ஒருத்தன், ஊர் முழுக்க ஆட்கள். இருந்தும் அவன் ஆளுகிறான். ஒவ்வொருவரும் தன் வாசலில் பூண்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் என்ன நடந்தாலும் பேசாமல் இருக்கிறார்களே, அதுதான் அவன் பலம்.

அந்த ஊமைத்தனத்தை உடைத்தது யார்? டாக்டர் அல்ல. விடுதியில் எடுபிடி வேலை செய்கிற இங்கா என்ற பெண். ஹார்க்கரின் டைரி கோட்டைக்குப் பக்கத்திலுள்ள நாற்சந்தியில் கிடைத்திருக்கிறது. அதைக் கொளுத்திவிடு என்று எஜமான் சொல்லியிருக்கிறார். அவள் கொளுத்தவில்லை, ஒளித்து வைத்திருந்து டாக்டரிடம் கொடுக்கிறாள். அந்த டைரி இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. இரண்டு நிமிஷம் வருகிற பாத்திரம். நடித்தவர் பார்பரா ஆர்ச்சர். இந்த அம்மாளின் பெயரை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நாமாவது சொல்வோம்.

கெர்டாவை யார் கேட்டார்கள்?

அடுத்தது ஒரு பணக்காரக் குடும்பம். ஹார்க்கருக்கு நிச்சயித்திருந்த லூசி என்ற பெண். அண்ணன் ஆர்தர், அண்ணி மினா. தன் அடிமையைக் கொன்றதற்குப் பழியாக டிராகுலா ராத்திரிதோறும் ஜன்னல் வழியே வந்து லூசியின் இரத்தத்தைக் குடிக்கிறான். அவள் வெளிறிப்போகிறாள். வான் ஹெல்சிங் வந்து பார்த்து உத்தரவு போடுகிறார்: ஜன்னலைச் சாத்துங்கள், அறை முழுக்கப் பூண்டுப் பூ வையுங்கள், எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். என்ன காரணம்? அதை அண்ணிக்கே அவர் சொல்லவில்லை, வேலைக்காரிக்கா சொல்வார்கள்?

வேலைக்காரியின் பெயர் கெர்டா. நடித்தவர் ஓல்கா டிக்கி. ராத்திரி லூசி கெஞ்சுகிறாள்: மூச்சு முட்டுகிறது, இந்தப் பூவை எடுத்துவிடு, ஜன்னலைத் திற. சின்ன வயதிலேயே படுக்கையில் விழுந்து துடிக்கிற பெண்ணைப் பார்த்து இந்த அம்மாளின் மனம் இளகுகிறது. பூவை எடுத்துவிடுகிறாள், ஜன்னலையும் திறக்கிறாள். காலையில் லூசி பிணம்.

அதோடு நின்றதா? செத்த லூசி காட்டேரியாக எழுந்து, ராத்திரியில் ஒரு குழந்தையை இடுகாட்டுக்குக் கூட்டிப்போகிறாள். யார் குழந்தை? கெர்டாவின் சின்ன மகள் டானியா! பெரிய வீட்டுத் துன்பம் கடைசியில் வந்து இறங்கியது வேலைக்காரி வீட்டில். நல்லவேளையாக டாக்டர் குறுக்கே வந்து குழந்தையைக் காப்பாற்றுகிறார்.

குற்றம் யாருடையது? கெர்டாவுடையதா? இல்லை, தோழர்களே. "செய்" என்று சொன்னவர்கள் "ஏன்" என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத உத்தரவு, ஒரு கண்ணீர்த் துளி பட்டால் கரைந்துவிடும்.

இதைப் பார்த்தபோது எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் தகராறு. நிர்வாகம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்டது. "யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று வாசலில் நின்று சொன்னேன். ஏன் போடக் கூடாது, போட்டால் எந்த உரிமை போகும் என்று உட்கார்ந்து விளக்கவில்லை. நேரமில்லை என்று நினைத்தேன். கோன் வைண்டிங்கில் வேலை செய்த ஒரு தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டாள். புருஷனுக்குச் சீக்கு, மேஸ்திரி இதமாகப் பேசினாராம். அவளைப் பார்த்து இன்னும் சிலர் போட்டார்கள். நான் அவளை நாலு பேர் முன்னால் கடிந்து பேசினேன். அவள் அழவில்லை. "ஏன் போடக் கூடாதுன்னு நீங்க எங்களுக்குச் சொன்னீங்களா, அண்ணே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் போன கையெழுத்து திரும்பவில்லை.

படத்துக்குத் திரும்புகிறேன். அடுத்த குறி மினா. ஆர்தரும் டாக்டரும் ராத்திரி முழுக்க வீட்டுக்கு வெளியே காவல் காக்கிறார்கள். ஆனாலும் காலையில் மினா இரத்தமிழந்து கிடக்கிறாள். எந்த வழியாக வந்தான்? பெரிய படிப்புப் படித்த இரண்டு பேருக்கும் புரியவில்லை. ஆர்தரின் இரத்தத்தை எடுத்து மினாவுக்கு ஏற்றுகிறார்கள். களைத்துப்போன ஆர்தருக்கு மது கொண்டுவரச் சொல்லி டாக்டர் கெர்டாவிடம் கேட்கிறார். அவள் தயங்குகிறாள். "நிலவறைக்குப் போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள்" என்கிறாள்.

டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டுகிறது. நிலவறைக்கு ஓடுகிறார். அங்கே கிடக்கிறது டிராகுலாவின் சவப்பெட்டி! வெளியே காவல் காத்தார்கள். எதிரி வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தான். அந்தத் தடை விசித்திரமானது என்று அறிந்திருந்தது அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்: கெர்டா. அவளை யாரும் கேட்கவில்லை. மதுப் புட்டி தேவைப்பட்டிராவிட்டால் அப்போதும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆக, இரண்டு பாடம். கீழே வேலை செய்கிறவரிடம் காரணத்தைச் சொல்லாததால் ஒரு உயிர் போயிற்று. கீழே வேலை செய்கிறவரிடம் கேட்காததால் இன்னொரு உயிர் போக இருந்தது.

வெளிச்சம் போதுமா?

கடைசிக் காட்சி பிரமாதம். மினாவைத் தூக்கிக்கொண்டு டிராகுலா கோட்டைக்கு ஓடுகிறான். டாக்டர் துரத்துகிறார். இருவரும் கட்டிப் புரள்கிறார்கள். பொழுது விடிகிறது. டாக்டர் நீண்ட மேஜைமேல் ஓடித் தாவி ஜன்னல் திரையைப் பிடித்து இழுக்கிறார். வெயில் உள்ளே பாய்கிறது. இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கி அவனை வெளிச்சத்துக்குள் தள்ளுகிறார். பிரபு சாம்பலாகிறான், மோதிரம் மட்டும் கிடக்கிறது. அன்று இங்கிலாந்துத் தணிக்கை வெட்டிய சில துண்டுகள் 2011-ல் டோக்கியோவிலிருந்த ஒரு பழைய பிரதியில் கிடைத்தன. இப்போது அவற்றைச் சேர்த்தும் பார்க்கலாம்.

கைதட்டலாம். நானும் தட்டினேன். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பிரபு சாம்பலானான், கோட்டை நிற்கிறது. ஊர் ஜனங்களுக்குச் செய்திகூடப் போகவில்லை. ஒரு கெட்ட மனிதனை ஒரு நல்ல டாக்டர் கொன்றால் எல்லாம் தீர்ந்தது என்கிறது படம். மார்க்ஸ் காட்டேரி உவமையைச் சொன்னது இதற்கல்ல. ஒரு முதலாளி நல்லவனா கெட்டவனா என்பதல்ல கேள்வி. பெட்டியைத் தூக்கித் தருகிற மரியாதைக்காரனாகவும் அவன் இருக்கலாம். அவன் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஹாமர் கம்பெனியே இதை நிரூபித்துவிட்டது. லாபம் வந்ததல்லவா? சாம்பலான பிரபுவை 1966-ல் மறுபடி எழுப்பினார்கள். சாம்பலில் மனித இரத்தத்தை ஊற்றினால் எழுந்துவிடுகிறான்! அப்புறம் படத்துக்குப் படம் சாவான், எழுவான். லீ கடைசியாக ஹாமர் கம்பெனிக்காக அந்த வேஷம் போட்டது 1973-ல் எடுத்த படத்தில். அதில் டிராகுலா எங்கே இருக்கிறான் தெரியுமா? மலைக் கோட்டையில் அல்ல. லண்டன் நகரத்தில், பல மாடிக் கட்டடத்தில், கம்பெனி முதலாளியாக ஆபீஸ் நாற்காலியில்! நிலமும் கட்டடமும் விற்கிற வியாபாரி. அவனுக்குக் கையாட்கள் ஒரு மந்திரி, ஒரு ராணுவ ஜெனரல், ஒரு நிலப்பிரபு, ஒரு விஞ்ஞானி. படமெடுத்தவர்கள் நம் கூட்டத்துக்கு வந்து பாடம் கேட்டவர்கள் அல்ல. ஆனாலும் 1958-ல் பிரபுவாக இருந்தவனைப் பதினைந்து வருஷத்தில் முதலாளி ஆக்கிவிட்டார்கள். நிலப்பிரபுத்துவம் முதலாளித்துவம் ஆவதை இவ்வளவு சுருக்கமாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

தோழர்களே! வாலிபர்கள் பேய்ப் படம் பார்க்கட்டும். பயப்படட்டும், பயந்த பிறகு சிரிக்கட்டும். ஆனால் பார்க்கும்போது சில கேள்விகளை விடாதீர்கள். இந்த வீட்டில் யார் சமைத்தது? யார் வாய் மூடியிருக்கிறார்கள், யாருக்குப் பயந்து? வேலை செய்கிறவருக்குத் தெரிந்ததை யாராவது கேட்டார்களா?

நம் சங்கத்திலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். மேடையில் நிற்கிற என்னையும் கேளுங்கள். "செய்" என்று நான் சொன்னால் "ஏன்" என்று எழுந்து நின்று கேளுங்கள். நிலவறையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், மதுப் புட்டி கேட்கிறவரை காத்திருக்காதீர்கள். அன்றே வந்து சொல்லுங்கள்.

திண்ணையில் என்னைத் திருத்திய அந்த இரண்டு வாலிபர்களும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்துவிட்டேன், தோழர்களே. திட்டமாட்டேன்.